சிபாரிசுக்குச் சாத்திய கதவு

மாற்று முகாமில் இருந்தவரைப் பற்றி நமது ஏட்டில் எழுதுவதா என்று சில தோழர்கள் புருவத்தை நெரிக்கக்கூடும். அதுவும் யாரைப் பற்றி? கருஞ்சட்டைப் படைக்குத் தடை போட்ட அரசின் தலைவரைப் பற்றி! நம் வீட்டுப் பிள்ளைகள் மீது இந்தியை ஏற்றிய அமைச்சரவையின் முதல்வரைப் பற்றி! பெரியாரையும் அண்ணாவையும் கைது செய்த ஆட்சியை நடத்தியவரைப் பற்றி!

ஆம், அவரைப் பற்றித்தான் எழுதுகிறோம். ஓமந்தூர் இராமசாமி ரெட்டியாரைப் பற்றி. பழைய கணக்கை மறந்துவிட்டு எழுதவில்லை. கணக்கை முழுதாகப் போட்டுப் பார்த்த பிறகே எழுதுகிறோம். பற்று ஒரு பக்கம், வரவு ஒரு பக்கம். வரவுப் பக்கத்தைக் கிழித்தெறிந்துவிட்டுக் கணக்குக் காட்டுபவனை ஊரில் கணக்கப்பிள்ளை என்று அழைப்பதில்லை; வேறு பெயர் வைத்திருக்கிறார்கள்!

இப்போது எழுதக் காரணமும் உண்டு. மரக்காணம் உப்பளத்துப் பக்கம் போகிற தோழர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைச் சுமந்துகொண்டு திரும்புகிறார்கள். "சட்டமன்றத்துக்கு ஒருவரை அனுப்புகிறோமே, அவரால் எங்களுக்கு என்ன ஆகிறது?" என்பதே அந்தக் கேள்வி. ஏழை கேட்கும் கேள்வி அது. ஏளனம் செய்து தள்ளிவிட முடியாது.

உப்பளத்துக் கேள்வி

உப்பு விளையும் பூமியைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். கழிமுகத்து உவர்நீரைப் பாத்தியில் தேக்கி, ஒரு பாத்தியிலிருந்து அடுத்த பாத்திக்கு மாற்றி, வெயிலிலே முற்றவிட்டு, பூத்துவரும் உப்பைப் பலகையால் வாரி வரப்பில் குவிக்க வேண்டும். குவித்ததைப் பெண்கள் தலையில் சுமந்து மேட்டுக்குக் கொண்டு போகிறார்கள். வெண்மையான உப்பின் மீது விழும் வெயில் திரும்பிக் கண்ணைத் தாக்குகிறது. காலில் வெடிப்பு, வெடிப்பிலே உப்பு. ஊரெல்லாம் வெயிலைத் திட்டும்போது உப்பளத்தான் மட்டும் வெயிலை வேண்டி நிற்கிறான். ஐப்பசி மழை கொட்டினால் உழவன் வீட்டில் மகிழ்ச்சி. உப்பளத்தான் வீட்டில் உலை கொதிப்பதில்லை. பாத்தி முழுகிவிடும், கூலி நின்றுவிடும்.

இப்படிப்பட்டவன் சட்டமன்ற உறுப்பினரை நாடிப் போகும்போது என்ன கேட்கிறான்? மகனுக்கு ஒரு வேலை, அதற்கு ஒரு கடிதம். மருமகனுக்கு மாற்றல், அதற்கு ஒரு கடிதம். உறுப்பினரும் எழுதிக் கொடுக்கிறார். கடிதம் பத்துப் பேருக்குக் கிடைக்கிறது. பத்தாயிரம் பேருக்குக் கிடைப்பதில்லை. கடிதம் பெற்ற பத்துப் பேரும் நன்றி சொல்கிறார்கள், பெறாதவர்கள், "நமக்கு யாரைத் தெரியும்?" என்று பெருமூச்சு விடுகிறார்கள். நாளடைவில் மக்கள் பிரதிநிதி என்பவர் கடிதம் எழுதும் எழுத்தராகவே ஆகிவிடுகிறார்.

இந்த வழக்கத்துக்கு இடங்கொடுக்க மறுத்த ஒருவர், மரக்காணத்துக்கு மேற்கே, திண்டிவனம் வட்டாரத்து ஓமந்தூரில் பிறந்தார் என்பதைச் சுட்டிக்காட்டவே இந்தக் கட்டுரை.

ஏர் பிடித்த குடும்பம்

1895-ம் ஆண்டு பிப்ரவரி முதல் நாள் பிறந்தவர் ஓமந்தூரார். உழவர் குடும்பம். படித்தது திண்டிவனத்துப் பள்ளியில். பாரிஸ்டர் பட்டமில்லை, சீமைப் படிப்பில்லை, மாளிகை வாழ்வில்லை. சென்னை மாகாணத்தின் ஆட்சிப் பீடத்தில் வழக்கறிஞர்களும் பெருநிலக்கிழார்களும் மாறிமாறி அமர்ந்திருந்த காலம் அது. அந்தப் பீடத்துக்குத் தென்னார்க்காட்டு மாவட்டத்து உழவர் ஒருவர் கதர்த் துண்டோடு வந்து சேர்ந்தார்.

வந்த விதத்தையும் சொல்ல வேண்டும். 1946-ல் காங்கிரசு வென்றது; ஆந்திரத்துப் பிரகாசம் முதல்வரானார். ஓராண்டு நிறைவதற்குள் சொந்தக் கட்சிக்காரர்களே அவரை இறக்கினார்கள். அப்போது தமிழ்நாட்டுக் காங்கிரசின் கடிவாளம் காமராசர் கையில். அவருடைய ஆதரவோடு 1947 மார்ச்சு 23-ல் ஓமந்தூரார் பொறுப்பேற்றார். ஐந்தே திங்களில் வெள்ளைக்காரன் மூட்டை கட்டினான். ஆகவே விடுதலை நாளன்று சென்னை மாகாணத்தின் தலைமையில் இருந்தவர் இந்த ஓமந்தூர்க்காரரே.

அவர் பொறுப்பேற்ற சில நாட்களில், 1947 ஏப்ரலில், உப்பு வரி ஒழிந்தது. மரக்காணத்தில் விளைந்த உப்புக்கும் அந்த விடுதலை கிடைத்தது. ஆனால் அதை அவர் கணக்கில் எழுத மாட்டோம். அது டில்லியில் இருந்த இடைக்கால அரசின் செயல். கணக்கு என்றால் கணக்காக இருக்க வேண்டும்.

இரண்டு ஆண்டு, எத்தனை சட்டம்!

அவர் ஆண்டது இரண்டே ஆண்டும் சில நாட்களும். அதற்குள் என்ன நடந்தது?

கோவில் நுழைவுச் சட்டம் 1947-ல் வந்தது. 1924-ல் வைக்கத்தில் பெரியார் சிறை சென்றது கோவிலைச் சுற்றியிருந்த தெருவில் நடக்கும் உரிமைக்கு. 1939-ல் மதுரை மீனாட்சி கோவிலில் ஆதிதிராவிடரும் நாடாரும் நுழைந்தபோது எழுந்த கூச்சலை நாடு மறக்கவில்லை. அங்கொன்றும் இங்கொன்றுமாகத் திறந்த கதவுகளை மாகாணம் முழுவதற்கும் திறந்துவிட்டது 1947-ம் ஆண்டுச் சட்டம். கோவிலுக்குப் போவதும் போகாததும் அவனவன் விருப்பம். போகக்கூடாது என்று இன்னொருவன் சொல்லும் அதிகாரம்தான் ஒழிந்தது. நம் இயக்கம் கேட்டதும் அதுவே.

அதே ஆண்டு தேவதாசி ஒழிப்புச் சட்டம். பெண் குழந்தைக்குக் கோவிலில் பொட்டுக் கட்டி, கடவுள் பெயரைச் சொல்லிக் கயவர்க்கு விருந்தாக்கிய கொடுமையை எதிர்த்து, டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்தில் குரல் எழுப்பியது 1920-களின் இறுதியில். நம் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் ஊர் ஊராகப் போய் முழங்கினார். 1936-ல் நாவலே எழுதினார். சனாதனிகள் சாத்திரத்தைக் காட்டினார்கள், சட்டம் தூங்கிற்று. இருபது ஆண்டுக் கூக்குரலுக்குச் சட்ட உருவம் கிடைத்தது ஓமந்தூரார் ஆட்சியில்தான்.

பிறகு ஜமீன். 1802-ல் வெள்ளைக் கும்பினி போட்டுக் கொடுத்த நிலையான தீர்வை ஏற்பாடு, உழுபவனுக்கும் அரசுக்கும் நடுவிலே ஜமீன்தாரை உட்கார வைத்தது. ரயத்துவாரி நிலத்தில் ஒருவன் கொடுக்கும் தீர்வையைவிட, வேலிக்கு அப்பால் ஜமீன் நிலத்தில் உழுபவன் அதிகம் கொடுத்தான். நிலம் ஒன்று, மழை ஒன்று, விளைச்சல் ஒன்று. வரி மட்டும் வேறு! 1947-ல் வந்த வாரக் குறைப்புச் சட்டம் முதலில் அந்த வித்தியாசத்தைக் குறைத்தது. 1948-ல் வந்த எஸ்டேட் ஒழிப்புச் சட்டம் ஜமீனையே எடுத்துவிட்டு, நிலத்தை ரயத்துவாரி முறைக்குக் கொண்டுவந்தது. கொம்பை ஒடிப்பதற்கு முன் கயிற்றைப் போட்டுப் பிடித்த உழவனின் சாமர்த்தியம் இது.

பாரதியின் பாடல்களைத் தனியார் உரிமையிலிருந்து மீட்டு அரசின் பொறுப்பில் எடுத்துக்கொள்ளும் முடிவும் 1949-ல் அந்த ஆட்சிதான் எடுத்தது. அதன் பிறகு அந்தப் பாட்டு எல்லார் வாய்க்கும் சொந்தமாயிற்று. கோவில் சொத்துகளை அரசின் கண்காணிப்பில் கொண்டுவரும் முயற்சியிலும் அவர் முனைந்து நின்றார். அது சட்டமாக முடிந்தது 1951-ல், அவர் பதவியில் இல்லாதபோது.

பதினான்கில் இரண்டு

இவை எல்லாவற்றிலும் உப்பளத்தானுக்கு மிக நெருக்கமானது வேறொன்று. அது மேடைகளில் அதிகம் பேசப்படுவதில்லை. அரசாணைகளுக்கு மேளம் கொட்டுவது யார்?

பழைய வகுப்புவாரி ஆணையைத் தோழர்கள் அறிவார்கள். 1927-ல் வந்த அந்த ஏற்பாட்டில் அரசுப் பணி இடங்கள் பன்னிரண்டு பன்னிரண்டாகப் பிரிக்கப்பட்டன. பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு ஐந்து, பார்ப்பனருக்கு இரண்டு, முசுலிம்களுக்கு இரண்டு, ஆங்கிலோ இந்தியர்க்கும் கிறித்தவர்க்கும் இரண்டு, தாழ்த்தப்பட்டோர்க்கு ஒன்று. பெரிய வெற்றி அது. ஆனால் அதிலும் ஒரு குறை இருந்தது. பார்ப்பனரல்லாதார் என்னும் ஒரே பந்தியில், முன்பே படித்தவர் கையே இலைக்கு முதலில் எட்டிற்று. வலை வீசுபவன் மகனும், ஏர் ஓட்டுபவன் மகனும், உப்பு வாருபவன் மகனும் பந்தியின் ஓரத்தில் நின்றார்கள்.

1947 நவம்பரில் ஓமந்தூரார் ஆட்சி அந்தக் கணக்கைத் திருத்தியது. பன்னிரண்டு பதினான்காயிற்று. பார்ப்பனரல்லாத இந்துக்களுக்கு ஆறு, பிற்படுத்தப்பட்ட இந்துக்களுக்குத் தனியாக இரண்டு, தாழ்த்தப்பட்டோர்க்கு இரண்டு, பார்ப்பனர்க்கு இரண்டு, கிறித்தவர், ஆங்கிலோ இந்தியர்க்கு ஒன்று, முசுலிம்களுக்கு ஒன்று.

பிற்படுத்தப்பட்டோர் என்று தனி வரி போட்டு, தனி எண் எழுதியது அந்த ஆணை. சிறிய எண்தான். இரண்டே இரண்டு. ஆனால் அந்த இரண்டைப் பெற எவனும் எவனிடமும் கடிதம் வாங்க வேண்டியதில்லை! யாருடைய வாசலிலும் காத்திருக்க வேண்டியதில்லை! அது சலுகையாக வரவில்லை, பங்காக வந்தது.

ஆதிக்கக்காரர்கள் சும்மா இருந்தார்களா? "இவர் தாடி இல்லாத இராமசாமி" என்று ஏசினார்கள் என்பது நம் இயக்கத்தார் இன்றளவும் சொல்லும் செய்தி. தாடி உள்ள இராமசாமி யார் என்பதைச் சொல்லத் தேவையில்லை! வசை என்று எண்ணி வீசினார்கள். அதைவிடப் பெரிய பட்டத்தை ஒரு காங்கிரசுக்காரருக்கு யாரும் கொடுத்ததில்லை.

வகுப்புவாரி ஏற்பாடு 1951-ல் உச்சநீதிமன்றத்தில் அடிபட்டது. பெரியார் கிளர்ந்தெழுந்தார், தமிழகம் கொந்தளித்தது, அதே ஆண்டு அரசியல் சட்டத்துக்கு முதல் திருத்தம் வந்தது. இன்று தமிழகத்தில் நிற்கும் 69 விழுக்காட்டுக் கட்டடத்தின் அடித்தளத்தில் பல கைகள் வைத்த கற்கள் இருக்கின்றன. ஒரு கல்லில் ஓமந்தூரார் பெயர் இருக்கிறது. அதைச் சுண்ணாம்பு பூசி மறைப்பது நமக்கு அழகல்ல.

பற்றுப் பக்கம்

இனி மறுபக்கம். 1948-ல் அவர் ஆட்சி, பள்ளிகளில் இந்தியைக் கட்டாயமாக்கிற்று. பத்தாண்டுகளுக்கு முன் இராசாசி செய்து பார்த்துச் சுட்டுக்கொண்ட அதே நெருப்பு! நடராசனும் தாளமுத்துவும் சிறையில் உயிர் கொடுத்த பிறகும் பாடம் படிக்கவில்லை. மாணவர்களும் மகளிரும் மீண்டும் மறியலுக்குப் போனார்கள். அந்த ஆண்டு மார்ச்சிலேயே, காந்தியார் கொலையை அடுத்து எழுந்த அச்சச் சூழலில், கருஞ்சட்டைப் படைக்குத் தடை விழுந்தது. கொன்றவன் யார்? கோட்சே. தடை யாருக்கு? கோட்சேயின் கொள்கையை நாளெல்லாம் எதிர்த்து நின்றவர்களுக்கும்! ஆகஸ்டில் கவர்னர் ஜெனரல் இராசாசி சென்னைக்கு வந்தபோது கருப்புக்கொடி காட்ட முனைந்ததற்காகப் பெரியாரும் அண்ணாவும் கைதானார்கள்.

இவை பிழைகள். பெரும் பிழைகள். உழவர் வீட்டுப் பிள்ளையாக இருந்தும், தாய்மொழி விஷயத்தில் அவர் டில்லியின் சொல்லுக்குத் தலையசைத்தார். நம் முன்னோடிகள் அவரை எதிர்த்துச் சிறை சென்றது சரி. இன்று அவர் இருந்து அதையே செய்தால் நாமும் எதிர்ப்போம். அதற்காக, 1947 நவம்பர் ஆணையை இல்லை என்று சொல்லிவிடலாமா?

மதுவிலக்கையும் இங்கேயே பேசிவிடுவோம். 1937-ல் சேலத்தில் தொடங்கியது, 1948 அக்டோபர் 2-ல் அவர் ஆட்சியில் மாகாணம் முழுவதும் பரவியது. வருவாய் போகும் என்றார்கள்; போகட்டும் என்றது அரசு. 1971-ல் கழக ஆட்சி மதுவிலக்கை நிறுத்தி வைத்தது. 1974-ல் மீண்டும் கொண்டுவந்தது. 1981-ல் மறுபடி எடுக்கப்பட்டது. 2003-ல் சில்லறைக் கடையையும் அரசே எடுத்துக்கொண்டது. மதுவிலக்கு இருந்த காலத்தில் கள்ளச் சாராயம் இல்லை என்று நாம் வாதாட வரவில்லை. இருந்தது. கடைகள் திறந்திருக்கும் காலத்திலும் அது ஒழியவில்லை என்பதற்கு மரக்காணமே சாட்சி. 2023 மே திங்களில், மரக்காணத்தை அடுத்த எக்கியார்குப்பத்தில் நச்சுச் சாராயம் குடித்துப் பத்துப் பேருக்கு மேல் மாண்டார்கள். மாண்டவர் உழைப்பாளிகள், அழுதவர் அவர்களை நம்பியிருந்த பெண்டு பிள்ளைகள். மதுவிலக்குச் சரியா தவறா என்ற வாதம் நடக்கட்டும். சாராயக் காசு கசானாவுக்கு வேண்டாம் என்று சொல்லும் துணிவு ஒரு முதல்வருக்கு இருந்தது என்பதை அந்தக் குப்பத்துக் கடற்கரையில் நின்று நினைத்துப் பார்க்காமல் இருக்க முடியவில்லை.

இறக்கியவர் யார்?

இத்தனை செய்தவரை இறக்கியது யார்? நாமா? கருஞ்சட்டைக்காரர்களா? இல்லை. அவருடைய சொந்தக் கட்சி!

காரணம் பெரிய தத்துவச் சிக்கல் ஒன்றுமில்லை. காங்கிரசு உறுப்பினர்கள் நிர்வாகத்தில் தலையிட அவர் இடங்கொடுக்கவில்லை. அதிகாரி மாற்றலுக்கு ஒருவர், உரிமம் பெறுவதற்கு ஒருவர், உறவினருக்கு ஒருவர் என்று வந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பினார்கள். வெள்ளைக்காரன் போனபின் விருந்து நமக்குத்தான் என்று இலை விரித்து உட்கார்ந்தவர்களுக்கு, பரிமாற மறுக்கும் ஆளைப் பிடிக்குமா? 1948-ல் பிரகாசம் அவரை எதிர்த்து நின்று தோற்றார். அடுத்த ஆண்டு காமராசரின் ஆதரவும் கைமாறியது. 1949 ஏப்ரல் 6-ல் குமாரசாமி ராஜா முதல்வரானார். ஏற்றி வைத்த கையே இறக்கி வைத்தது.

அந்தக் கதவைக் கொஞ்சம் திறந்து வைத்திருந்தால் அவர் இன்னும் பல ஆண்டு ஆண்டிருப்பார். சாத்தி வைத்தார், பதவி போயிற்று. போனதற்காகப் புலம்பியவரல்ல. வேறு கட்சிக்குத் தாவியவரல்ல. வாரியம் கொடு, தூதர் வேலை கொடு என்று டில்லி வாசலில் நின்றவரல்ல.

போனது வடலூருக்கு.

வடலூர் அடுப்பு

வடலூரில் 1867-ல் வள்ளலார் மூட்டிய தருமசாலை அடுப்பு இன்றும் எரிகிறது. சாதி கேட்காமல், சமயம் கேட்காமல், பசி மட்டும் கேட்டுச் சோறு போடும் இடம் அது. கடவுட் கொள்கையில் நமக்கும் ஓமந்தூராருக்கும் ஒத்து வராது. அவர் பக்தர். ஆனால் பசித்தவன் முன் நின்று சாதி கேட்காத பக்தியோடு நமக்குச் சண்டையில்லை.

முதல்வராக இருந்தவர் அங்கே போய்ச் சுத்த சன்மார்க்க நிலையம் கண்டார். ஆதரவற்ற பிள்ளைகளுக்கு இருப்பிடம், உணவு, கல்வி. பள்ளி வளர்ந்தது, பிள்ளைகள் வளர்ந்தார்கள். இருபது ஆண்டுக்கு மேல் அந்தத் தொண்டிலேயே இருந்து, 1970 ஆகஸ்டு 25-ல் மறைந்தார். ஆட்சியில் இருந்தது இரண்டு ஆண்டு. அனாதைப் பிள்ளைகளோடு இருந்தது இருபது ஆண்டு. இன்று பதவியிழந்த பத்து நாளில் பாதுகாப்புப் போலீசு குறைந்துவிட்டது என்று அறிக்கை விடுபவர்கள் இந்தக் கணக்கைப் படிக்க வேண்டும்.

நமக்கு என்ன பாடம்?

தோழர்களே! உப்பளத்துக் கேள்விக்குத் திரும்புவோம். சட்டமன்றத்துக்கு ஒருவரை அனுப்புவதால் என்ன ஆகிறது?

உப்பு உற்பத்தி மத்திய அரசின் பட்டியலில் இருக்கிறது என்று சொல்லிக் கை விரிப்பது எளிது. கூலி யார் கையில் இருக்கிறது? குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது 1948-ல், ஓமந்தூரார் இங்கே ஆண்ட அதே காலத்தில். அந்த வழியில் உப்பளத்துக்குக் கூலி நிர்ணயிக்கும் பொறுப்பு மாநிலத்துக்கு வந்தது. மழைக்காலத்தில் பாத்தி முழுகிக் கூலி நின்றபோது பல தலைமுறை பட்டினி கிடந்தது. 2022-ல் தமிழக அரசு உப்பளத் தொழிலாளர் குடும்பத்துக்கு மழைக்கால உதவியாக 5,000 ரூபாய் கொடுக்கத் தொடங்கிற்று. ஐயாயிரம் மூன்று திங்களுக்குப் போதுமா? போதாது. ஆனால் அது ஆணையாக வந்தது. பெயர் பட்டியலில் இருந்தால் பணம் வரும். யார் காலையும் பிடிக்க வேண்டாம். போதாததைக் கூட்டிக் கேட்கலாம். கடிதத்தைக் கூட்டிக் கேட்க முடியுமா?

ஆகவே கிளைக் கழகத்துக்கு வரும் மனுவைப் பார்க்கும்போது, தோழர்களே, இப்படிப் பிரித்துப் பாருங்கள். ஒருவனுக்கு வந்த தொல்லையா? அலுவலகத்துக்குக் கூட்டிப் போய் முறைப்படி முடித்துக் கொடுங்கள். ஊருக்கே வந்த தொல்லையா? கடிதம் கேட்காதீர்கள், கேள்வி நேரத்தில் எழுப்பச் சொல்லுங்கள், ஆணை கேளுங்கள், சட்டம் கேளுங்கள். நம் உறுப்பினர் மறுத்தால் கூட்டம் போட்டுக் கேளுங்கள். அவர் நம் கட்சிக்காரர் என்பதற்காக விட்டுவிடாதீர்கள். சொந்தக் கட்சிக்காரனுக்குச் சலுகை மறுத்த ஒருவரிடம் நாம் கற்க வேண்டிய முதல் பாடம் அதுதானே!

சென்னையில் பழைய அரசினர் தோட்டம் இன்று ஓமந்தூரார் பெயரைத் தாங்கி நிற்கிறது. 2010-ல் அங்கே புதிய சட்டமன்ற மாளிகை திறக்கப்பட்டது. 2014-ல் அது பல்துறை உயர் மருத்துவமனையாக மாறியது. அந்த மாற்றம் பற்றிய வழக்கு ஒருபுறம் இருக்கட்டும். இன்று கண்ணில் உப்பு வெயில் தாக்கியவனும், நெஞ்சில் வலி கண்டவனும் தொலைவிலிருந்து வந்து அங்கே சீட்டுப் பெற்று வரிசையில் உட்காருகிறார்கள். வாயிலில் எழுதியிருக்கும் பெயர் யாருடையது என்று அவர்களில் பலருக்குத் தெரியாது. தெரியாவிட்டால் என்ன? யாரிடமும் கடிதம் வாங்காமல் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள். ஓமந்தூரார் விரும்பியதும் அந்த வரிசைதான்.